நேட்டால் கப்பலில் இறந்த முன்னோரை எந்தக் காகிதத்தில் தேடுவது?

கேள்வி இது: கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, வட ஆற்காட்டுக்காரர். 1890-களில் சென்னையில் கப்பலேறி, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனார். கரை சேருமுன் கப்பலிலேயே இறந்துவிட்டதாக வீட்டில் சொல்வார்கள். கப்பல் பெயர் ‘உம்சிண்டோ’ என்று பாட்டி சொன்ன நினைவு. இவ்வளவை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது, ஏதாவது கிடைக்குமா?

கிடைக்க வாய்ப்பு உண்டு. ஊரில் இறந்த பல ஏழைகளைவிட, ஒப்பந்தக் கப்பலில் இறந்தவரைப் பற்றிய காகிதம் அதிகம். காரணம் பணம். ஆட்களை ஏற்றிச் சென்ற கப்பல்காரருக்குக் காலனி அரசுகள் பொதுவாக உயிரோடு இறங்கிய தலைகளை எண்ணித்தான் கூலி கொடுத்தன. கப்பலில் கூடவே போன மேற்பார்வை மருத்துவருக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் ஊக்கத்தொகை. ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை, இடையில் குறைந்தவர் யார் என்று துறைமுகத்தில் கணக்கு நேராகாமல் யாருக்கும் பணம் கைக்கு வராது. ஆகவே எந்த ஆவணக் காப்பகத்தில் தேடினாலும் ஒரு கேள்வியை முன்னால் வையுங்கள்: இந்த மனிதர் இறந்ததற்கு யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது? பதில் எந்த அலுவலகமோ அங்கே காகிதம் இருக்கும்.

தேடத் தொடங்குமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ‘கப்பல்ல செத்துட்டார்’ என்று குடும்பங்களில் சொல்வது பல சமயம் ‘போனவரிடமிருந்து கடுதாசியே வரவில்லை’ என்பதன் சுருக்கம். அவர் இறந்திருக்கக்கூடிய இடங்கள் நான்கு: சென்னையில் கப்பலுக்குக் காத்திருந்த டிப்போ, கப்பல், இறங்கியபின் வைக்கப்பட்ட நோய்த் தடுப்பு முகாம், தோட்டத்தில் முதல் சில மாதங்கள். நான்குக்கும் காகிதம் வேறு வேறு. மூன்றாவது இடத்தைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 1879-இல் பிஜிக்குப் போன முதல் ஒப்பந்தக் கப்பல் லியோனிடாஸில் காலராவும் அம்மையும் கண்டு 17 பேர் வழியில் இறந்தார்கள். மீதிப் பேரை யானுசா லைலை என்ற சிறு தீவில் ஒதுக்கி வைத்தபோது அங்கும் சாவு தொடர்ந்தது. 1856-இல் மொரீஷியஸுக்கு வந்த இரண்டு கப்பல்களின் ஆட்களை கேப்ரியல் தீவில் இறக்கி விட்டதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவர்கள் கப்பல் கணக்கில் ‘இறங்கியவர்கள்’. கடலில் இறந்தவர் பட்டியலில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். தீவிலோ முகாமிலோ நிகழ்ந்த சாவு காலனியின் இறப்புப் பதிவிலும் குடியேற்றத் துறைக் கோப்பிலும்தான் இருக்கும்.

அடுத்தது ஆண்டு. வீட்டில் சொல்லும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். பெரியவர்களிடம் ஆங்கில ஆண்டைக் கேட்பதைவிட ‘எந்த வருஷம், எந்தப் பஞ்சம், யார் பிறந்த சமயம்’ என்று கேட்பது பலன் தரும். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்றால் 1876-ஐ ஒட்டிய காலம். ‘நந்தன வருஷம்’ என்றால் 1892 ஏப்ரல் நடுவிலிருந்து 1893 ஏப்ரல் நடு வரை. ‘மன்மத’ என்றால் 1895–96. அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ஒரு சுற்று முன்பின் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஆண்டில் அந்த நாட்டுக்குக் கப்பல் போனதா என்று பாருங்கள். நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866-இல் ஆள் அனுப்புவது நின்று 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. 1911-இல் முற்றாக நிறுத்தப்பட்டது. 1870-இல் நேட்டால் போனார் என்று வீட்டில் சொன்னால் ஆண்டு தவறு, அல்லது நாடு தவறு. பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903-க்குப் பிறகுதான். உங்கள் 1890-கள் நேட்டாலுக்குச் சரியாகவே பொருந்துகிறது.

இனி அந்த ‘உம்சிண்டோ’. அந்தப் பெயரில் கப்பல் இருந்தது. உம்லாசி, உம்வோட்டி என்று ஒரே சாயலில் பெயர் கொண்ட நீராவிக் கப்பல்கள் அந்தக் காலத்தில் சென்னைக்கும் டர்பனுக்கும் இடையே போய்வந்தன. சிக்கல் என்னவென்றால் இவை எல்லாம் நேட்டாலின் ஊர், ஆற்றுப் பெயர்கள். உம்சிண்டோ என்பது தென்கடற்கரையில் கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். பாட்டி சொன்னது கப்பலா ஊரா என்பது உங்கள் தேடலின் திசையையே மாற்றிவிடும். ஊர் என்றால் அவர் கரை சேர்ந்து, அங்கே வேலை செய்து, பிறகு இறந்தார் என்று ஆகும். ஆகவே இரண்டுக்கும் இடம் வைத்தே தேடுங்கள். கப்பல்தான் என்றாலும் அது ஒரே ஒருமுறை வந்த கப்பல் அல்ல. நேட்டால் பட்டியல்களில் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பல் பெயரை அடுத்து ரோமன் எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணும் சேர்ந்ததுதான் முழுப் பெயர். குறித்துக்கொள்ளும்போது எண்ணை விட்டுவிட்டால் பிறகு எந்தப் பயணம் என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது நேட்டால் கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேருக்கும் பதிவு உண்டு. மூலப் பேரேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்த வடிவத்தை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் காலனி எண் (ஒவ்வொருவருக்கும் கொடுத்த தனி எண்), பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம், வேலைக்கு எடுத்த முதலாளி, குறிப்பு ஆகிய பத்திகள் இருக்கும். எல்லா வரியிலும் எல்லாப் பத்தியும் நிரம்பியிருக்காது.

பெயரை வைத்து மட்டும் தேடினால் முனுசாமிகளின் கடலில் மூழ்கிவிடுவீர்கள். ஒரே கப்பலில் பத்து முனுசாமி இருப்பது சாதாரணம். தந்தை பெயரும் தாலுகாவும்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கும். எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ‘மு’ என்ற எழுத்து ‘எம்-யு’ ஆகவும் வரும், ‘எம்-ஓ-ஓ’ ஆகவும் வரும். ‘சாமி’யின் கடைசி எழுத்து ‘ஐ’ ஆகவோ ‘ஒய்’ ஆகவோ இருக்கும், நடுவில் எம் ஒன்றோ இரண்டோ. ‘ழ’ வரும் பெயரை எல், ஆர், இசட் மூன்றிலும் தேட வேண்டும். ‘கு’வில் தொடங்கும் குப்பன், குப்பம்மாள் போன்றவை ‘கே’யிலும் ‘சி’யிலும் வரும். பெயரின் முதல் எழுத்தே மாறிவிடுவதால், அகர வரிசைப் பட்டியலில் ‘இல்லை’ என்று கண்டவுடன் விட்டுவிடக் கூடாது. பாதிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அல்லது பெயரையே விட்டுவிட்டு மாவட்டம், தாலுகா, தந்தை பெயர் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டுங்கள்.

மாவட்டம் அன்றைய மாவட்டம் என்பதை மறக்க வேண்டாம். சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல். அதற்கு முன் அது வட ஆற்காட்டுக்குள் இருந்தது. ஆகவே ‘வட ஆற்காடு’ என்று பட்டியல் சொல்லும் ஆள் இன்றைய ஆந்திரத்து ஊர்க்காரராகவும் இருக்கலாம். சாதிப் பத்தியை அடையாளத்துக்கு நம்புவது சரியல்ல. டிப்போவில் கேட்டபோது ஒருவர் சொன்னது ஒன்று, எழுத்தர் புரிந்துகொண்டது இன்னொன்று என்பது நிறைய உண்டு. உயரமும் தழும்பும் உறவினரை அடையாளம் காட்டாது. ஆனால் ஒரே பெயரில் இருவர் இருந்தால் பின்னால் வரும் ஆவணங்களில் யார் எவர் என்று பிரிக்க உதவும்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். மாதிரிக்கு மூன்று வரிகளை எண்ணிக்கொள்ளுங்கள். எண்கள் அடுத்தடுத்து: முதல் வரி ஓர் ஆண், வயது 28, இரண்டாவது ஒரு பெண், வயது 22, மூன்றாவது பெண் குழந்தை, வயது 4. மூவருக்கும் ஒரே தாலுகா, ஒரே ஊர். குழந்தையின் தந்தை பெயர்ப் பத்தியில் முதல் வரி ஆணின் பெயர். இது ஒரு குடும்பம். இப்போது முதலாளி பத்தியைப் பாருங்கள். பெண்ணுக்கு ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ஆணின் வரியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அல்லது குறிப்புப் பத்தியில் இறந்ததாக ஒரு சொல். கரை இறங்காதவரை எந்த முதலாளிக்கும் ஒதுக்க முடியாது. எனவே காலியான முதலாளி பத்தி ஒரு தடயம். தடயம் மட்டும்தான், சாட்சி அல்ல. நோயாளியாக இறங்கி மருத்துவமனைக்குப் போனவர், ஒப்பந்தமில்லாமல் கூட வந்தவர் ஆகியோர் வரியும் காலியாக இருக்கும். ஆகவே உங்கள் முனுசாமியின் வரியை மட்டும் பிரதி எடுக்காதீர்கள். முன்பின் பத்துப் பத்து வரிகளையும் சேர்த்து எடுங்கள். தம்பி, மனைவி, ஒரே ஊர்க்காரர் எல்லாம் பெரும்பாலும் அந்த இருபது வரிக்குள் இருப்பார்கள். இறந்தவரின் கதை பல சமயம் உயிரோடு இறங்கிய மனைவியின் வரியிலிருந்துதான் தொடங்கும். அவருடைய காலனி எண்ணைக் கொண்டு பிறகு அவர் செய்த மறுமணப் பதிவு, மனுக்கள் எல்லாம் தேடலாம். அங்கே முதல் கணவர் எங்கே, எப்போது இறந்தார் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எண்ணிக்கையைச் சரிபார்ப்பது அடுத்த வேலை. நேட்டாலில் இந்தியக் குடியேறிகளின் காப்பாளர் ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்தார். எந்தக் கப்பலில் எத்தனை பேர் ஏறினர், பிறந்தவர், இறந்தவர், இறங்கியவர் எத்தனை என்று அதில் கப்பல்வாரியாக வரும். உங்கள் கப்பலின் அந்தப் பயணத்தில் இறப்பே இல்லை என்று அறிக்கை சொன்னால், பாட்டி சொன்ன கதையில் கப்பலோ இடமோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும். ஆறு மாத வேலை மிச்சம். மூன்று பேர் இறந்தனர் என்று சொன்னால், பட்டியலில் அந்த மூன்று பேரையும் கண்டுபிடித்தாக வேண்டும். ஏறியதிலிருந்து இறங்கியதைக் கழித்து இறப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு. பிஜியின் மொத்தக் கணக்கே இதற்கு எடுத்துக்காட்டு. 1879 முதல் 1916 வரை 87 பயணங்களில் 60,965 பேர் புறப்பட்டு 60,553 பேர் போய்ச் சேர்ந்தனர் என்பார்கள். வித்தியாசம் 412 என்று தோன்றும். ஆனால் போய்ச் சேர்ந்த 60,553-க்குள் கடலில் பிறந்த குழந்தைகளும் அடக்கம். ஒவ்வொரு பிறப்பும் ஓர் இறப்பை மறைத்துவிடுகிறது. பிள்ளைகளின் சாவுதான் இந்தக் கணக்கில் மிகவும் மங்கிப் போகிறது. கூலி கணக்கில் சிறு பிள்ளை அரை ஆள், கைக்குழந்தை கணக்கிலேயே இல்லை. பணம் சம்பந்தப்படாத இடத்தில் எழுதுகோலும் அக்கறை காட்டவில்லை. ஆகவே குழந்தையைத் தேடுபவர்கள் பெயரை எதிர்பார்க்காமல், தாயின் வரியோடு ‘ஒரு பெண் குழந்தை’ என்ற குறிப்பைத் தேட வேண்டும்.

பெயரும் சாவும் நோயும் ஒரே இடத்தில் வருவது கப்பல் மருத்துவரின் அறிக்கையில். இறந்தவரின் எண், பெயர், வயது, நாள், நோய் என்று ஒரு பட்டியலை அதனோடு இணைப்பார்கள். இந்த அறிக்கை ஒரே இடத்தில் தங்கவில்லை. காலனிக் குடியேற்றத் துறைக்கு ஒன்று, லண்டன் காலனி அலுவலகத்துக்கு ஒன்று, இந்திய அரசுக்கு ஒன்று என்று பயணப்பட்டது. ஓர் இடத்தில் அழிந்திருந்தால் இன்னோர் இடத்தில் பிழைத்திருக்கும் என்பதே தேடுபவர்களுக்கு ஆறுதல். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் ‘ஐ.ஐ.’ என்ற குறியீட்டில் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் இந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துக் கப்பல் பெயரைப் போட்டுப் பாருங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் நேட்டால் கடிதத் தொகுப்பின் குறியீடு சி.ஓ. 179. பிஜிக்கு சி.ஓ. 83, மொரீஷியஸுக்கு சி.ஓ. 167. இந்திய அரசின் பிரதிகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில், வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் குடிபெயர்வுப் பிரிவு நடவடிக்கைகளில் இருக்கும். அந்தத் துறை 1871-இல் ஏற்பட்டது. அதற்கு முந்தியதை உள்துறைக் கோப்புகளில் பாருங்கள். ‘அபிலேக் படல்’ என்ற அவர்களுடைய இணையதளத்தில் பல கோப்புகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கே முனுசாமி என்று தேடினால் ஒன்றும் வராது. கோப்பின் தலைப்பில் கூலிகளின் பெயர் இருப்பதில்லை. கப்பல் பெயர், ‘மார்ட்டாலிட்டி’, ‘எமிக்ரன்ட் ஷிப்’ ஆகிய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளின் ஆண்டு அட்டவணைத் தொகுதியைக் கேட்டு, ‘எமிக்ரேஷன்’ என்ற தலைப்பின் கீழ் கப்பல் பெயரைப் பார்த்து, அரசாணை எண்ணும் நாளும் குறித்துக்கொண்டுதான் கோப்பைக் கேட்க வேண்டும். எண் இல்லாமல் ‘கூலிக் கப்பல் கோப்பு’ என்று கேட்டால் எடுத்துத் தர இயலாது.

மருத்துவர் அறிக்கை கிடைக்கவில்லையானால் கப்பலின் சொந்தக் காகிதம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொடியில் ஓடிய கப்பல்களுக்கு அதிகாரபூர்வ லாக் புத்தகம், அதாவது பயணக் குறிப்பேடு, 1850-க்குப் பிறகு கட்டாயம். கப்பலில் நிகழும் பிறப்பு, இறப்புகளை மாலுமித் தலைவர் அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பயணம் முடிந்ததும் இதைப் பணியாளர் ஒப்பந்தத் தாளோடு சேர்த்து ஒப்படைத்தார்கள். இன்று இவை மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1863-க்குப் பிறகானவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கியூவில். 1865, 1875, 1885, 1895, 1905 என்று ஐந்தில் முடியும் ஆண்டுகள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில். ஏறத்தாழ எழுபது விழுக்காடு கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில், நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல் வரலாற்று ஆவணக் காப்பகத்தில். இந்தப் பங்கீடு தெரியாமல் லண்டனுக்கு மட்டும் எழுதிவிட்டு ‘இல்லை’ என்ற பதிலோடு நின்றுவிடுகிறவர்கள் நிறைய.

இந்தப் பெட்டிகள் கப்பல் பெயரால் அடுக்கப்படவில்லை, கப்பலின் அதிகாரபூர்வ எண்ணால் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே பெயரில் பல கப்பல் இருக்கலாம், எண் ஒன்றுதான். ஆண்டுதோறும் வெளிவந்த வணிகக் கப்பல் பட்டியல்களில் அந்த எண் கிடைக்கும். இணையத்தில் ‘க்ரூ லிஸ்ட் இண்டெக்ஸ் ப்ராஜெக்ட்’ என்ற தளத்தில் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும். எண்ணையும் ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள். டிசம்பரில் புறப்பட்டு ஜனவரியில் சேர்ந்த பயணமானால் இரண்டு ஆண்டுகளையும் கேட்க வேண்டும். லாக் பதிவு நாலைந்து வரிதான் இருக்கும்: நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர், வயது, நோய், கையொப்பம். ஆனால் கல்லறை இல்லாத ஒருவர் எந்த இடத்தில் கடலில் இறக்கப்பட்டார் என்று சொல்லும் எழுத்து அது ஒன்றுதான்.

பிரிட்டிஷ் அரசின் கடல் இறப்புப் பதிவேடுகளும் உண்டு. இங்கிலாந்துப் பொதுப் பதிவகத்தின் கடல்சார் பதிவு 1837-இல் தொடங்குகிறது. கியூவில் பி.டி. 158 என்ற தொகுப்பு 1854 முதல் 1890 வரை பயணிகளின் பிறப்பு, இறப்புகளைக் கொண்டது. பி.டி. 334 தொகுப்பு 1891-இல் தொடங்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளியைத் தேடுபவருக்கு இவை முதல் கதவு அல்ல. கப்பலும் நாளும் தெரிந்த பிறகு சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

திரும்பி வரும் வழியில் இறந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தங்கிவிட்ட குடும்பங்கள் இதை யோசிப்பதே இல்லை. ஐந்து, பத்து ஆண்டு உழைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய கப்பல்களிலும் நிறையப் பேர் இறந்தார்கள். நோயாளிகளும் முதியவர்களும் ஊர் மண்ணில் சாக வேண்டும் என்றே ஏறினார்கள். இவர்களுடைய காகிதம் இன்னும் அழுத்தமானது, ஏனென்றால் இவர்களிடம் சேமிப்பு இருந்தது. இறந்தவர் பணம் வாரிசுக்குச் சேர வேண்டும். சென்னைக் குடிபெயர்வோர் காப்பாளர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத, ஆட்சியர் தாலுகாவுக்கு எழுத, கிராமத்தில் வாரிசைத் தேடினார்கள். வாரிசு கிடைக்காதவர்களின் சொத்துப் பட்டியல்கள் அரசுக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றில் ‘எஸ்டேட்ஸ் ஆஃப் டிசீஸ்ட் கூலீஸ்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். எஸ்டேட் என்றதும் தோட்டம் என்று எண்ணிக் கடந்து போய்விடாதீர்கள், இங்கே அது இறந்தவர் விட்டுச் சென்ற உடைமை. கிராமத்தின் பெயர், தந்தை பெயர், தொகை மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும் அரிய இடம் அது.

கூலியாக அல்லாமல் கப்பல் வேலைக்காரராக, லஸ்காராக இருந்தவர் என்றால் வழி வேறு. லஸ்கார்களைத் தனி ஆசிய ஒப்பந்தத் தாளில், பெரும்பாலும் செராங் என்ற குழுத் தலைவரின் கீழ் ஒரு குழுவாக எழுதினார்கள். தேடலும் அந்தத் தாளில்தான் தொடங்க வேண்டும். இங்கும் பணமே வழிகாட்டி: இறந்த மாலுமிகளின் சம்பள பாக்கியும் உடைமையும் குறித்த பதிவேடு பி.டி. 153, 1852-இல் தொடங்குகிறது. உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். இரண்டாம் உலகப் போரில் கடலில் மறைந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர் மும்பை, சிட்டகாங் நினைவகங்களின் பெயரேட்டில் இருக்கிறது. கப்பலின் பெயரைக் கொண்டு தேடுவதே அங்கு எளிது.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. பிஜி என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடிபெயர்வுச் சீட்டு உண்டு. சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. நெருங்கிய உறவினர் பெயருக்கு அதில் தனி இடம் உண்டு என்பதால் ஊரில் இருந்த தம்பியின் பெயர் அங்கே இருக்கக்கூடும். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணப் பிரிவு. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போனவர்கள் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வருவார்கள். அந்தச் சட்டப்படி கடலில் நிகழ்ந்த சாவுக்கு 24 மணி நேரத்துக்குள் கப்பலிலேயே இறப்புப் பத்திரம் எழுதி, பணியாளர் பட்டியலின் இறுதியில் சேர்க்க வேண்டும். காலனிப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் ஒரு பிரதி பிரான்சுக்கு அனுப்பப்பட்டதால், 1902-இல் எரிமலையில் அழிந்த மார்த்தினிக்கின் செயின்ட் பியேர் நகரத்துப் பதிவுகள்கூட பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருக்கின்றன. அவற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த வழி எதுவும் பொருந்தாது. கங்காணி முறையில் போனவர்களுக்கு ஒப்பந்தக் கப்பல் பட்டியல் என்பதே இல்லை.

கப்பலே உடைந்த நிகழ்ச்சியானால் செய்தித்தாள் முதலில். 1884 மே 11 அன்று சிரியா என்ற கப்பல் பிஜியின் நசிலாய் பவளத் திட்டில் மோதியது. 497 பயணிகளை ஏற்றி வந்த அந்தக் கப்பலில் மாலுமிகள் உட்பட 59 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்கு விசாரணை நடக்கும், அறிக்கை வரும். ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ தளங்களில் அக்காலச் செய்தித்தாள்களை இலவசமாகத் தேடலாம். நேட்டாலுக்குச் செய்தித்தாளில் கப்பல் வந்து சேர்ந்த நாளை மட்டும் எதிர்பாருங்கள். தனி மனிதர் பெயர் வராது. அந்த நாளும் வீண் அல்ல, பெட்டியையும் கோப்பையும் கேட்க அதுதான் சாவி.

எப்போது ‘இவர்தான்’ என்று சொல்லலாம்? பெயரும் மாவட்டமும் பொருந்தினால் போதாது. தந்தை பெயர், ஊர் அல்லது தாலுகா, வயது மூன்றும் பொருந்த வேண்டும். வயதில் ஐந்தாண்டு முன்பின் இருப்பது இயல்பு. மேலும் இறந்தவர் எண்ணிக்கையை ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டு, அதே கப்பலில் அதே பெயருள்ள மற்றவர்கள் எல்லாரும் கரை இறங்கினார்கள் என்று காட்ட முடிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அவர் கப்பலேறினார் என்றும் ஆகாது. கடைசி நாளில் மருத்துவர் தள்ளிவிட்டவர்கள், டிப்போவிலிருந்து ஓடிப்போனவர்கள் உண்டு. குறிப்புப் பத்தியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். தட்டச்சு வடிவத்தை நம்பி முடிவு எடுக்காமல், மூலப் பேரேட்டுப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். காப்பகத்துக்கு எழுதும்போது கப்பல் பெயர், ரோமன் எண், வந்து சேர்ந்த நாள், காலனி எண் நான்கையும் கடிதத்தின் முதல் வரியிலேயே கொடுத்துவிடுங்கள்.

நாள் கிடைத்துவிட்டால் பலரும் அடுத்துக் கேட்பது திதி. லாக்கில் உள்ள ஆங்கிலத் தேதியையும் நேரத்தையும் கொண்டு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் திதியைக் கண்டுபிடிக்கலாம். கப்பல் நேரம் இந்திய நேரம் அல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் வித்தியாசம். சென்னை ஏறத்தாழ 80 பாகை கிழக்கில், டர்பன் 31 பாகையில். டர்பனை நெருங்கிய கப்பலில் இரவு பத்து மணி என்றால் சென்னையில் மறுநாள் பிறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். லாக்கில் உள்ள தீர்க்கரேகையை வைத்து நேரத்தைத் திருத்திய பிறகு பஞ்சாங்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நேரம் எழுதப்படாமல் தேதி மட்டும் இருந்து, அன்று நடுவில் திதி மாறியிருந்தால், இரண்டு திதியையும் குறித்துப் புரோகிதரிடம் கொடுங்கள். நாளே கிடைக்காதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது.